டிரெட்மில்லில் ஏறினாலே எரிச்சல் வருகிறது: நான் சோம்பேறியா?

கேள்வி: எனக்கு வயது 39. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முழுப் பரிசோதனை செய்த டாக்டர், "வேறு குறை எதுவும் இல்லை, எடையை மட்டும் குறையுங்கள், தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றார். ஜிம்மில் சேர்ந்து, அலுவலகம் முடிந்ததும் நேராக அங்கே போகிறேன். டிரெட்மில்லில் ஏறிப் பத்து நிமிடம் ஆவதற்குள் எரிச்சலும் கோபமும் முட்டிக்கொண்டு வருகின்றன. சில நாள் அழுகையே வந்துவிடுகிறது. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி, பக்கத்தில் அலட்சியமாக ஓடும் சின்னப் பெண்கள். வேகத்தைக் குறைத்தால் ட்ரெய்னர் வந்து ஏற்றிவிட்டு, "எல்லாம் மனசுதான் மேடம்" என்கிறார். என் கணவர் தினமும் ஓடுகிறவர். "அரை மணி நேரம் தாண்டினா சும்மா ஜிவ்வுனு இருக்கும்" என்பார். அந்த ஜிவ் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபின் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் போக வேண்டும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. நான் சோம்பேறியா? மனதில் ஏதும் கோளாறா? அவரோடு சேர்ந்து ஓடினால் சரியாகுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சோம்பேறிகள் ஜிம்முக்குப் போய் அழ மாட்டார்கள், வீட்டிலேயே நிம்மதியாக இருப்பார்கள். அழுகை வந்தும் மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறீர்கள் என்றால் உங்களிடம் மன உறுதிக்குக் குறைவில்லை. இருக்கும் உறுதி எல்லாம் தவறான இடத்தில் செலவாகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் ட்ரெய்னர் சொன்னது பாதி சரி. பயிற்சியின்போது நமக்கு எப்படி இருக்கிறது என்பதில் மனதுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது ஓர் எல்லை வரைக்கும்தான். அந்த எல்லைக்கு மேலே உங்களை ஏற்றிவிட்டு "எல்லாம் மனசுதான்" என்று சொல்வது நியாயமில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

வேகமாக நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள். ஒரு வேகம் வரை, "நேற்று சாயங்காலம் வரும்போது அவளைப் பார்த்தேன், உன்னை விசாரித்தாள்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடியும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், ஓர் இடத்தில் அதே வாக்கியம் "நேற்று... சாயங்காலம்... அவளைப்..." என்று துண்டு துண்டாக வரும். உடம்பு தேவைக்கேற்ற ஆக்சிஜனைக் கொண்டு சமாளிக்கும் நிலையைத் தாண்டத் தொடங்குகிறது, மூச்சு திடீரென்று வேகமெடுக்கிறது என்பதற்கு அதுதான் வெளி அடையாளம். உடற்பயிற்சி உளவியலில் இந்த எல்லைக்குப் பெரிய முக்கியத்துவம் உண்டு. பான்டெலெய்மோன் எக்கெகாகிஸ் என்ற ஆய்வாளர் 2003-இல் முன்வைத்த கொள்கையின் சாரம் இது: எல்லைக்குக் கீழே பெரும்பாலானோருக்குப் பயிற்சி இதமாகவே இருக்கும். எல்லையை ஒட்டி ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு உற்சாகம், சிலருக்கு வெறுப்பு. எல்லையைத் தாண்டி நீடித்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் மனநிலை இறங்கத்தான் செய்யும். நிறுத்திய சில நிமிடங்களில் 'அப்பாடா' என்று அது மேலே ஏறிவிடும்.

உங்கள் கடிதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் எரிச்சல், வீட்டுக்கு வந்தபின் நன்றாக இருக்கிறது. மனக் கோளாறுக்கான அறிகுறியை இதில் நான் பார்க்கவில்லை. தன் எல்லைக்கு மேல் ஓடவைக்கப்பட்ட உடம்பு எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் உங்கள் உடம்பு நடந்துகொள்கிறது.

இந்த எல்லை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை. பல வருடம் ஓடிப் பழகிய உங்கள் கணவருக்கு அது எங்கோ மேலே இருக்கும். பழக்கமில்லாத உடம்புக்கு, அதுவும் கூடுதல் எடையைச் சுமக்கும் உடம்புக்கு, வேகமான நடையிலேயே வந்துவிடலாம். பக்கத்து மெஷினில் அந்தப் பெண் அலட்சியமாக ஓடுகிறாள் என்றீர்களே, அவள் தன் எல்லைக்குக் கீழே ஓடுகிறாள், அவ்வளவுதான். நீங்கள் அவளைவிட மெதுவாகப் போனாலும் அவளைவிடக் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ட்ரெய்னர் வந்து வேகத்தை ஏற்றுவதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். இதற்கென்றே ஓர் ஆய்வு இருக்கிறது. எக்கெகாகிஸும் எரிக் லிண்டும் 2006-இல் வெளியிட்டது. அதிக எடையுள்ள பெண்கள், அப்படி இல்லாத பெண்கள் என இரு தரப்பினரையும் டிரெட்மில்லில் 20 நிமிடம் நடக்கவைத்தார்கள். ஒரு நாள் அவரவர் விரும்பிய வேகம். இன்னொரு நாள் அதைவிட வெறும் 10 சதவீதம் அதிகமான வேகத்தை ஆய்வாளர்களே வைத்தார்கள். விரும்பிய வேகத்தில் நடந்தபோது இரு தரப்பினரின் மனநிலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேகத்தை வெளியிலிருந்து கூட்டியபோது அதிக எடையுள்ள பெண்களுக்கு மட்டும் நேரம் போகப் போக இதம் குறைந்துகொண்டே வந்தது. 10 சதவீதம் என்றால், உங்கள் மெஷினில் 5.0 என்று இருப்பதை 5.5 ஆக்குவது. ட்ரெய்னரின் விரல் பொத்தானை ஐந்து முறை தட்டும் வேலை. அதற்குள் இத்தனை விஷயம் இருக்கிறது.

இதில் எல்லையைத் தாண்டுவது ஒரு பங்கு. 'என் கையில் இல்லை' என்ற உணர்வு இன்னொரு பங்கு. நாமாக எடுத்த வேகத்தில் மூச்சு வாங்கினால் அது நம் உழைப்பு. அதே மூச்சிரைப்பை அடுத்தவர் உண்டாக்கினால் அது தண்டனை மாதிரி இருக்கும். பள்ளியில் விளையாட்டு வகுப்பு என்றாலே மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லித் தண்டித்த ஆசிரியர் யாராவது உங்களுக்கு வாய்த்தாரா என்று தெரியாது. வாய்த்திருந்தால், ட்ரெய்னர் பக்கத்தில் வந்து நிற்கும்போது வரும் கோபத்தில் அவருக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். என்னிடம் வருபவர்களில் பலர் அந்த மைதானத்தைத்தான் முதலில் பேசுவார்கள். பள்ளி விளையாட்டு வகுப்பைப் பற்றிய கசப்பான நினைவுகளுக்கும், வளர்ந்தபின் உடல் உழைப்பைத் தவிர்ப்பதற்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

சரி, எல்லைக்குக் கீழே வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் மனது முழு அதிகாரத்தோடு வேலை செய்யும். உங்கள் ட்ரெய்னரின் வாக்கியம் இங்கே மட்டும் பொருந்தும்.

முதலில் அந்தக் கண்ணாடி. உங்களுக்கு அது பிடிக்காததற்கு உங்கள் தன்னம்பிக்கைக் குறைவுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கனடாவில் கேத்லீன் மார்ட்டின் ஜினிஸ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிப் பழக்கமில்லாத பெண்கள் 20 நிமிடம் நிலை சைக்கிள் மிதித்தார்கள். சிலருக்கு எதிரே கண்ணாடி இருந்தது, சிலருக்கு இல்லை. கண்ணாடி முன் மிதித்தவர்களின் மனநிலைதான் மோசமாக இருந்தது. தன் உடம்பைப் பற்றிய கவலை அதிகம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற வேறுபாடு கூட இதில் இல்லை. ஜிம்களில் ஏன் சுவர் முழுக்கக் கண்ணாடி வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. எடை தூக்குபவர் முதுகு வளைகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். டிரெட்மில்லுக்கு எதிரே அது எதற்கு? கண்ணாடி இல்லாத மூலையில் மெஷின் இருந்தால் அங்கே மாறுங்கள். இல்லையென்றால் அந்த ஜிம்மையே விட்டுவிடுவது பற்றி யோசிக்கலாம். நடப்பதற்கு டிரெட்மில்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இரண்டாவது, நம்மைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தி. எட்வர்ட் மெக்காலி குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சின்னத் தந்திரம் செய்தார்கள். கல்லூரி மாணவிகளைச் சோதனை செய்துவிட்டு, முடிவு எப்படி இருந்தாலும் பாதிப் பேரிடம் "உங்கள் வயதுக்காரர்களைவிட நன்றாகச் செய்தீர்கள்" என்றும், மீதிப் பேரிடம் "அவர்களைவிடக் குறைவு" என்றும் சொன்னார்கள். அடுத்துப் பயிற்சி செய்தபோது, நல்ல செய்தி கேட்டவர்கள் கூடுதல் உற்சாகமாக இருந்தார்கள். ஒரே உழைப்பு, வேறு வேறு மனநிலை. இடையில் இருந்தது ஒரு வாக்கியம். நீங்கள் தினமும் பக்கத்து மெஷினின் எண்ணை ஓரக்கண்ணால் பார்த்து, 'குறைவு' என்ற செய்தியை உங்களுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மெஷின் திரையின் மீது துண்டைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நான் பலருக்கும் சொல்லும் முதல் வேலை இதுதான். உங்கள் எண் தெரியாவிட்டால் அவள் எண்ணோடு ஒப்பிட எதுவும் இருக்காது.

மூன்றாவது, நீங்கள் போகும் நேரம். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு நேராக ஜிம்முக்கு. உட்கார்ந்து செய்யும் வேலைதானே, உடம்பு களைத்திருக்காதே என்று நினைப்போம். சாமுவேல் மார்கோரா குழுவினர் 2009-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு நாள், 90 நிமிடம் கவனத்தைக் கசக்கிப் பிழியும் கணினி வேலை. இன்னொரு நாள், அதே 90 நிமிடம் சாதாரண ஆவணப்படம். இரண்டு நாளும் அதற்குப் பின், இனி முடியாது என்னும்வரை கடினமாக சைக்கிள் மிதிக்க வேண்டும். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாக்குப்பிடித்தவர்கள், கணினி வேலை செய்த நாளில் 640 விநாடியில் விட்டுவிட்டார்கள். இதயமும் தசைகளும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. ஆனால் மூளை களைத்த நாளில், தொடக்கத்திலிருந்தே மிதிப்பது கடினமாகத் தெரிந்தது.

கணக்கு முடிக்கும் வாரத்தில் உங்கள் எரிச்சல் கூடுகிறதா என்று கவனித்துப் பாருங்கள். கூடினால் காரணம் தெரிந்துவிட்டது. காலையில் போக முடிந்தால் நல்லது. முடியாதென்றால் வேலைக்கும் பயிற்சிக்கும் நடுவே எதுவும் யோசிக்காத ஒரு கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்; கைப்பேசி பார்ப்பது அதில் சேராது. அதுவும் முடியாத நாளில் மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள், போதும்.

பாட்டைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. கேட்பதில்லை என்றால் கேளுங்கள். மெதுவான, நடுத்தர வேகத்தில் பிடித்த பாட்டு கேட்டுக்கொண்டு போனால் உழைப்பின் கடுமை சுமார் 10 சதவீதம் குறைவாகத் தெரியும் என்று காஸ்டாஸ் கராகியார்கிஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். ஆனால் இதற்கும் அதே எல்லை உண்டு. எல்லைக்கு மேலே போனால் மூச்சும் தொடை எரிச்சலும் மட்டும்தான் காதில் விழும், பாட்டு விழாது.

இப்போது உங்கள் கணவரின் அந்த 'ஜிவ்'. அவர் பொய் சொல்லவில்லை. நீண்ட தூரம் ஓடுபவர்களில் சிலருக்கு அப்படி வருவது உண்மைதான். அதற்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2021-இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வில், எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து 45 நிமிடம் ஓடவைத்தார்கள். மருந்து எடுத்துக்கொண்டவர்களுக்கும் அந்தப் பரவசம் வரத்தான் செய்தது. உடம்பே சுரக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற வேறொரு வகைப் பொருளின் மீதுதான் இப்போது சந்தேகம். எப்படியானாலும் அது எல்லோருக்கும் வருவதில்லை, வருபவர்களுக்கும் எல்லா நாளும் வருவதில்லை. அதைக் குறியாக வைத்து ஓடினால் ஒவ்வொரு நாளும் தோல்வி மாதிரிதான் தோன்றும். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது வேறு: நடந்து முடித்ததும் தலை தெளிந்து தோள் இறுக்கம் விட்டுப்போகும் ஓர் இலகு. அதற்கு அரை மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம்.

முடித்தபின் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மறுநாள் வயிற்றைப் பிசைகிறது என்கிறீர்கள். இந்த முரண்தான் பலரையும் குழப்புகிறது. 'செய்தால் நன்றாக இருக்கும் என்று தெரிந்தும் போகவில்லையே' என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். முடித்தபின் வருவதில் பெரும்பங்கு, கஷ்டம் நின்ற நிம்மதி. மறுநாள் மனது கணக்குப் போடும்போது அதை வரவில் வைப்பதில்லை. டிரெட்மில்லின் மேலே எப்படி இருந்தது என்பதைத்தான் எடுத்துப் பார்க்கிறது. டேவிட் வில்லியம்ஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. மிதமான பயிற்சியின்போது யாருக்கு இதமாக இருந்ததோ, அவர்கள்தான் 6 மாதம், 12 மாதம் கழித்துப் பார்த்தபோதும் கூடுதலாக உடல் உழைப்பில் ஈடுபட்டிருந்தார்கள். அதனால்தான் பயிற்சியின் நடுவே எப்படி இருக்கிறது என்பதை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். 'வலிச்சாத்தான் பலன்' என்று ஜிம் சுவரில் எழுதிவைப்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் நாம் போடும் மதிப்பீடு நம்மை ஏமாற்றும். 2011-இல் மேத்யூ ரூபி, எலிசபெத் டன் முதலானோர் செய்த ஆய்வில், பயிற்சி எவ்வளவு பிடித்திருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது மக்கள் குறைவாகவே சொன்னார்கள். செய்து முடித்தபின் அதைவிட அதிகம் பிடித்திருந்தது. காரணம், முன்கூட்டி நினைக்கும்போது கண்ணுக்குத் தெரிவது முதல் சில நிமிடங்கள் மட்டுமே. உடம்பு சூடாகாத, கால் கனக்கும் அந்தத் தொடக்கம்தான் எப்போதும் மோசமான பகுதி.

அப்படியானால் ஆரம்பத்தை இலகுவாக்கி, முடிவை அதைவிட இலகுவாக்க வேண்டும். ஸக்கரி ஸென்கோ குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 15 நிமிட சைக்கிள் பயிற்சியை ஒரு குழுவுக்கு இலகுவில் தொடங்கிக் கடினத்தில் முடித்தார்கள். இன்னொரு குழுவுக்குக் கடினத்தில் தொடங்கி இலகுவில் முடித்தார்கள். இறங்குமுகமாகச் செய்தவர்களுக்குத்தான் அது இனிமையான அனுபவமாக மனதில் தங்கியது, ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும்கூட. நீங்கள் இப்போது செய்வது நேர் எதிர் என்று நினைக்கிறேன்: ட்ரெய்னர் ஏற்றிக்கொண்டே போக, தாங்க முடியாத இடத்தில் இறங்கிவிடுகிறீர்கள். பயிற்சியில் மிக மோசமான நிமிடம் கடைசி நிமிடமாகிவிடுகிறது. மறுநாள் வயிற்றைப் பிசைவது அந்த நிமிடம்தான்.

இனி என்ன செய்யலாம்? ஒரு மாதத்துக்கு வேகம், தூரம், கலோரி எதையும் பார்க்காதீர்கள். அதற்குப் பதிலாக ஓர் அளவுகோலைத் தருகிறேன். ஹார்டி, ரெஜெஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்டது. நடந்துகொண்டிருக்கும்போதே "இப்போது எனக்கு எப்படி இருக்கிறது?" என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். மிக நன்றாக இருந்தால் +5, மிக மோசம் என்றால் −5, இரண்டும் இல்லை என்றால் 0. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேளுங்கள். விடை +1-க்குக் கீழே போனால் வேகத்தைக் குறையுங்கள். காரணம் தேட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். +3 என்று வந்து, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று கால் கேட்டால் கூட்டுங்கள். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் எப்படியும் மெதுவாகத்தான். பேச்சுச் சோதனையும் கூடவே இருக்கட்டும்: முழு வாக்கியம் வர வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்.

"இப்படிச் செல்லம் கொடுத்தால் எடை எப்படிக் குறையும்?" என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. பேசிக்கொண்டே போகும் வேக நடை அதில் சேரும். இன்னொன்று, எடை குறைவதில் சாப்பாட்டின் பங்குதான் பெரியது. அந்தப் பாரம் முழுவதையும் டிரெட்மில்லின் தலையில் ஏற்றாதீர்கள். அப்புறம், வாரத்துக்கு நான்கு நாள், ஒரு வருடம் போகும் மெதுவான நடை, மூன்று வாரத்தில் நின்றுபோகும் ஓட்டத்தைவிட உங்களுக்கு எவ்வளவோ மேல். சில மாதத்தில் உங்கள் எல்லையும் மேலே நகரும். அப்போது இன்றைக்குக் கஷ்டமான வேகமே +2 ஆகத் தெரியும்.

ட்ரெய்னரிடம் இதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: "இந்த மாதம் வேகத்தை நான்தான் வைப்பேன், நீங்கள் தொட வேண்டாம்." நல்ல ட்ரெய்னர் என்றால் புரிந்துகொள்வார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டார் என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன். என்றாலும் பயிற்சியின்போது நெஞ்சில் வலியோ அழுத்தமோ, தலைசுற்றலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதுபோல, அழுகையும் எரிச்சலும் ஜிம்மோடு நிற்காமல் வீட்டிலும் வேலையிலும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அது இந்தக் கடிதத்தில் தீரும் விஷயமில்லை. மனநல ஆலோசகர் ஒருவரை நேரில் பார்ப்பது நல்லது.

கடைசியாக, கணவரோடு சேர்ந்து ஓடலாமா? இப்போதைக்கு வேண்டாம். அவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அது உங்கள் எல்லைக்கு மேலேதான் இருக்கும், அவர் நல்ல மனதோடு "இன்னும் கொஞ்சம் தூரம்தான், வா" என்பார், நீங்கள் அவர் மீது எரிந்து விழுவீர்கள். சேர்ந்து கிளம்புங்கள், அவர் ஓடட்டும், நீங்கள் நடங்கள். அவர் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்ததும் உங்கள் கடைசி ஐந்து நிமிட மெது நடையில் சேர்ந்துகொள்ளட்டும். அவருக்கும் ஓடி முடித்தபின் உடம்பு ஆற அது தேவைதான். அந்த ஐந்து நிமிடம் வேகத்தை நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.